பிக் பெண்ட் பாலைவனத்துல மூணு ராத்திரி, அப்பாவோட

நாள் 1, வியாழன் ராத்திரி

விடியக்காலை நாலரைக்கு ஹூஸ்டன்ல வண்டியை எடுத்தது, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வந்து எறங்கினோம். 600 மைலுக்குப் பக்கம், அவ்வளவு தூரம் ஓட்டியும் இன்னும் டெக்சாஸ்லயேதான் இருக்கோம். நான், வீட்டம்மா, ஒம்பது வயசு பொண்ணு, ஊர்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கற அப்பா. அம்மா வரல. "தரையில படுக்கறதுக்கு எதுக்குடா காசு குடுக்கணும்"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, எனக்கு பதில் வரல, அவங்க அக்கா வீட்டுல ஜாலியா இருக்காங்க. இத்தனைக்கும் பெரிய காசு இல்ல, டெண்ட் போடற இடத்துக்கு ராத்திரிக்கு 16 டாலர், பிக் பெண்ட் நேஷனல் பார்க்குக்குள்ள நுழைய வண்டிக்கு 30 டாலர், அது ஏழு நாளைக்கு செல்லும். ஆனா ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணாம வந்தா இடம் கிடையாது. இங்கேர்ந்து "இடம் இல்ல"ன்னு திருப்பி அனுப்பினா ரூம் தேடி எங்க போறது, பக்கத்து ஊருங்கறதே ஒரு மணி நேரம்.

ஃபோர்ட் ஸ்டாக்டன் வரைக்கும் ஹைவே, அப்புறம் தெக்க திரும்பி மாரத்தான்னு ஒரு சின்ன ஊர். அங்க டேங்க் ஃபுல் பண்ணிக்கணும், அடுத்த பம்ப் சுமார் 70 மைல் தள்ளி பார்க்குக்குள்ள இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்லன்னா நிஜமாவே ஒண்ணும் இல்ல, ஒரு டீக்கடை கூட இல்லன்னு சொல்ற மாதிரி இல்ல, ஒரு வீடு, ஒரு கரண்ட் லைட் இல்ல. ஃபோன்ல சிக்னல் போனது போனதுதான். இதை நோட்ஸ்ல எழுதி வெச்சுட்டு சிக்னல் கிடைக்கற இடத்துல போடறேன்.

பார்க் 1944ல ஆரம்பிச்சது, 8 லட்சம் ஏக்கருக்கும் மேல, அதாவது சிங்கப்பூர் மாதிரி நாலு ஊரை உள்ள போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும். தெற்கு எல்லை முழுக்க ரியோ கிராண்டே ஆறு, அந்தக் கரை மெக்சிகோ. ஆறு இந்த இடத்துல பெருசா வளைஞ்சு போகுது, அதனாலதான் பிக் பெண்ட்.

நான் பத்து மணி நேரமா அப்பாவுக்கு பில்டப் குடுத்துட்டே வந்தேன். சிவாவாவன் பாலைவனம்ப்பா, அமெரிக்காவுலயே யாரும் சுலபமா வராத இடம்ப்பா, நீங்க பாக்காத செடியெல்லாம் இருக்கும்ப்பா. அப்பா கண்ணாடி வழியா வெளிய பாத்துட்டே வந்தாரு. கேட் தாண்டி ஒரு அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்.

"ஏண்டா, இது நம்மூரு வேலிக்கருவல்ல?"

மெஸ்கீட். வண்டியை ஓரங்கட்டி எறங்கிப் பாத்தாரு, இலையை உருவிப் பாக்கப் போனவரை நான்தான் தடுத்தேன், இங்க எதையும் பறிக்கக் கூடாது. அவர் சொன்னது முழுசா தப்பும் இல்ல. நம்ம சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வெள்ளக்காரன் காலத்துல வந்தது, இந்த மெஸ்கீட் அதுக்கு பங்காளி. அங்க வந்து கம்மாயெல்லாம் புடிச்சுக்கிட்ட குடும்பத்தோட பூர்வீக வீடு இந்தப் பக்கம். ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து வந்த மனுஷனை 600 மைல் கூட்டிட்டு வந்து நான் காமிச்சது வேலிக்கருவ. அடுத்த அரை மணி நேரத்துல சப்பாத்திக்கள்ளி வந்துச்சு ("இதுவும் நம்மூர்ல உண்டு"), அப்புறம் லெச்சுகீயான்னு ஒரு சின்ன கத்தாழை, இந்தப் பாலைவனத்துக்கே உரியது, வேற எங்கயும் கிடையாதுன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள "ரயில் கத்தாழ, குட்டை ரகம்"னு தீர்ப்பு வந்துருச்சு. பொண்ணு பின்னாடி உக்காந்து சிரிக்கறா.

ஒண்ணே ஒண்ணுக்குத்தான் அப்பா வாயத் திறக்கல. ஒக்கோட்டியோன்னு ஒரு செடி, தரையிலேர்ந்து இருபது முப்பது குச்சி நேரா மேல போகும், முழுக்க முள்ளு, செத்துப்போன மாதிரியே நிக்கும், மழை பெஞ்சா ரெண்டு மூணு நாள்ல இலை விட்டுரும். அதை ரொம்ப நேரம் பாத்தாரு. "இது தெரியல"ன்னாரு. எனக்கு ஒரு சந்தோஷம் பாருங்க.

நாங்க தங்கியிருக்கறது காட்டன்வுட் கேம்ப்கிரவுண்ட், பார்க்கோட மேற்கு ஓரம், ஆத்துக்குப் பக்கத்துல. இருபத்து சொச்சம் இடம்தான். பெரிய பெரிய காட்டன்வுட் மரம், கீழ கொஞ்சம் புல்லு, ஒரு பெஞ்சு, ஒரு மேசை, தண்ணிக் குழாய், குழி டாய்லெட். குளிக்க வழி கிடையாது, கரண்ட் கிடையாது, ஜெனரேட்டர் போடக் கூடாது. பார்க் முழுக்கவே விறகு எரிக்கத் தடை. கேம்ப் ஃபயர் சுத்தி உக்காந்து பாட்டுப் பாடலாம்னு யாராவது கனவோட வந்தா அவ்வளவுதான், கேஸ் ஸ்டவ் ஒண்ணுதான் கதி. அப்பாவால இதை ஏத்துக்கவே முடியல. "சுத்தி இவ்வளவு சுள்ளி கெடக்கு, ஒண்ணு எடுக்கக் கூடாதாம்"னு நாலு தடவை சொல்லிட்டாரு.

டெண்ட் புதுசு. அதோட வந்த ஆணியெல்லாம் பாத்தா தலைமுடிக்குக் குத்தற ஹேர்பின் மாதிரி இருக்கு, ரெண்டு அடிக்கும்போதே வளைஞ்சிருச்சு. பரவால்ல, காத்து இல்ல. அப்பா டெண்ட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து பாத்துட்டு "நான் வேன்லயே படுத்துக்கறேன்"னுட்டாரு. பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டு ராஜா மாதிரி படுத்தாச்சு. வீட்டுலேர்ந்து கொண்டுவந்த புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் ஃபிளாட்.

நாள் 2, வெள்ளி

காலைல ஆறே கால் இருக்கும், இன்னும் இருட்டு, குளிர்னா அப்படி ஒரு குளிர், 38 டிகிரி ஃபாரன்ஹீட். வெளிய யாரோ மூச்சு விடற சத்தம். ஒருத்தர் இல்ல, நாலஞ்சு பேரு. நானும் வீட்டம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறோம், பொண்ணு தூங்கறா. அப்போ வேன் கதவு திறக்கற சத்தம், அப்பா குரல்.

"ச்சூ! ச்சூ! போ அங்குட்டு!"

ஜிப்பைத் திறந்து டார்ச் அடிச்சா, மேசையைச் சுத்தி ஆறு பன்னி. கட்டையா, முடி சிலிர்த்துக்கிட்டு, கழுத்துல வெள்ளையா ஒரு பட்டை. நான் ராத்திரி சோம்பேறித்தனமா மேசைக்காலுல கட்டி வெச்ச குப்பைப் பையைக் கிழிச்சு புளிசாதம் ஒட்டியிருந்த ஃபாயில் பேப்பரை நக்கிட்டு இருக்குதுங்க. அப்பா மப்ளர் கட்டிக்கிட்டு ஒரு கையில செருப்போட நிக்கறாரு. அதுங்க அவரைப் பெருசா மதிக்கல, மெதுவா, ஏதோ வேற வேலை ஞாபகம் வந்த மாதிரி கிளம்பிப் போச்சுங்க. போனதுக்கு அப்புறமும் அரை மணி நேரம் ஒரு வாடை.

இதுக்குப் பேரு ஹாவலீனா. பொண்ணு ஸ்கூல் லைப்ரரி புக்குல படிச்சிருக்கா, "தாத்தா அது பிக் இல்ல, பெக்கரி"ன்னா.

"பேக்கரியா?"

"பெக்கரி! பன்னியோட தூரத்து சொந்தம், ஆனா பன்னி ஃபேமிலி இல்ல."

"மூக்கு பன்னி, வாடை பன்னி, குப்பையைக் கிளறுனதும் பன்னி. இதுல என்ன பேக்கரி."

கொஞ்ச நேரத்துல கேம்ப் ஹோஸ்ட் பெரியவர் வந்து சிதறின குப்பையைப் பாத்துட்டு ரொம்ப மரியாதையா சொல்லிட்டுப் போனாரு: வாசனை வர எதுவும், பேஸ்ட்டு, சோப்பு, காலி டப்பா உட்பட, வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டணும். நம்மளைக் காப்பாத்த மட்டும் இல்ல, மனுஷன் சாப்பாட்டு ருசி பழகின மிருகம் அப்புறம் ஆளுங்களைத் தேடி வர ஆரம்பிக்கும், கடைசில அதுக்குத்தான் ஆபத்து. எனக்கு வெக்கமா போச்சு. போர்டுல எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தான் அப்படிப் பண்ணேன்.

ஒம்பது மணிக்கு சாண்டா எலெனா கேன்யன். கேம்ப்லேர்ந்து ஒரு எட்டு மைல். தூரத்துலேர்ந்து பாத்தா தட்டையா ஒரு மலை, அதுல மேலேர்ந்து கீழ வரைக்கும் கத்தியால கீறின மாதிரி ஒரு பிளவு, அதுக்குள்ளேர்ந்து ஆறு வெளிய வருது. சுண்ணாம்புக்கல் சுவர், உயரம் 1,500 அடி. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி, அது மாதிரி ஏழை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா மேல போய்த் தொடலாம். இந்தக் கணக்கை அங்க நின்னே போட்டு அப்பாகிட்ட சொன்னேன், அவர் அண்ணாந்து பாத்து மெதுவா மனசுல ஒவ்வொரு கோயிலா வெச்சுட்டே போறது தெரிஞ்சுது.

உள்ள போக டெர்லிங்குவா ஓடையைக் கடக்கணும். மழை பெஞ்சிருந்தா கடக்க முடியாதாம், இன்னிக்கு கணுக்கால் அளவுதான், ஆனா ஐஸ். அப்பா பேன்ட்டை மடிச்சு விட்டு செருப்பைக் கையில எடுத்துட்டு அசால்ட்டா போய்ட்டாரு, நான் ஷூவைக் கழட்டி, சாக்ஸைக் கழட்டி, கல்லு குத்தி, ஆ ஊன்னு கத்தி, ஒரு வழியா அக்கரை. அப்புறம் கொஞ்சம் படி ஏத்தம், 71 வயசுக்கு அங்கங்க உக்காந்து உக்காந்து வந்தாரு, மேலேர்ந்து மறுபடி எறங்கி ஆத்துக்குப் பக்கத்துலயே போகுது பாதை. போக வர ரெண்டு மைல் கூட இல்ல. கடைசில பாதை அப்படியே தண்ணிக்குள்ள முடிஞ்சிரும். இடது பக்க சுவர் மெக்சிகோ, வலது பக்க சுவர் அமெரிக்கா, நடுவுல பச்சைக் கலர்ல தண்ணி சத்தமே இல்லாம போகுது. பொண்ணு "தாத்தாஆஆ"ன்னு கத்தினா மெக்சிகோ சுவர் திருப்பி "தாத்தா"ங்குது.

அப்பா தண்ணியையே பாத்துட்டு இருந்தாரு. "இம்புட்டுத்தானா? ரியோ கிராண்டேன்னா பெரிய ஆறுன்னு சொன்ன."

இதுக்கு எனக்கு பதில் தெரிஞ்சிருந்துச்சு, வரும்போது படிச்சேன். கொலராடோ மலைல பொறந்து வர ஆறு இங்க வந்து சேர்றதே கொஞ்சம்தான், மேல நியூ மெக்சிகோ, எல் பாசோ பக்கமெல்லாம் பாசனத்துக்கு எடுத்துக்கறாங்க, அதுக்குக் கீழ ஒரு பகுதி பல சமயம் காஞ்சே கெடக்கும். இப்ப நாம பாக்கற தண்ணில பெரும்பங்கு மெக்சிகோவுலேர்ந்து வர கொன்சோஸ்ங்கற ஆத்தோடது, பிரசிடியோ ஊர்கிட்ட வந்து கலக்குது. அப்பா தலையாட்டினாரு. வைகைக்கு கடைமடைல பொறந்தவருக்கு இதுக்கு மேல விளக்கம் எதுக்கு. "மேல இருக்கறவன் எடுத்துக்கிட்டது போகத்தான்"னு மட்டும் சொன்னாரு.

திரும்பி வர வழியில காஸ்டலான். கேம்ப்புக்குப் பக்கத்துலயே ஒரு பழைய குடியிருப்பு, மண்ணு செங்கல் வீடுங்க. 1920கள்ல இங்க பருத்தி போட்டிருக்காங்க, ஆத்துத் தண்ணியை இறைச்சு, இந்த வெயில்ல. துருப்பிடிச்ச மெஷின் கெடக்கு. முன்னாடி ராணுவத்துக்காகக் கட்டி அப்புறம் பல வருஷம் கடையா இருந்த ஒரு கட்டடம் 2019 மே மாசம் எரிஞ்சு போச்சு, மெக்சிகோ பக்கம் புடிச்ச தீ ஆத்தைத் தாண்டி வந்ததாம். பருத்தின்ன உடனே அப்பாவுக்கு வேகம் வந்துருச்சு, மண்ணை ரெண்டு விரல்ல தேச்சுப் பாத்து, இதுல எப்படி வெளஞ்சுதுன்னு அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கிட்டாரு. நாங்க மூணு பேரும் நிழல்ல நின்னோம்.

மத்தியானம் வெயில் 80 டிகிரியைத் தொட்டுச்சு, காலைல 38. யாருக்கும் ஒரு வேலையும் இல்ல. செக்கச்செவேல்னு ஒரு குருவி, வெர்மிலியன் ஃப்ளைகேச்சர், ஒரே கிளைல உக்காந்துக்கிட்டு பறந்து போய் ஒரு பூச்சியைப் புடிச்சுட்டு அதே கிளைக்கு வருது. அதை ஒரு மணி நேரம் பாத்தேன். ஆபீஸ் மெயில் வர முடியாதுங்கறது உடம்புக்குப் புரிய ஒண்ணரை நாள் ஆகுது போல, அது வரைக்கும் கை சும்மா சும்மா பாக்கெட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு.

ராத்திரிதான் மெயின் ஐட்டம். அமாவாசையைப் பாத்துத்தான் ட்ரிப்பே போட்டது. பிக் பெண்ட் 2012லேர்ந்து அங்கீகாரம் வாங்கின இருட்டு வான பார்க், அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்காவுல இருக்கற நேஷனல் பார்க் எல்லாத்துலயும் வெளிச்ச மாசு ரொம்பக் கம்மி இங்கதான். 2022ல பார்டர் ரெண்டு பக்கமும் சேத்து 15,000 சதுர மைலுக்கு மேல ஒரு இருட்டுக் காப்பகமா அறிவிச்சிருக்காங்க. இருட்டை எல்லாம் காப்பாத்த வேண்டிய நிலைமை.

மரத்தடியை விட்டு வண்டில கொஞ்ச தூரம் போய் வெட்டவெளில பாய் விரிச்சோம். சூரியன் மறைஞ்சு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, ஆனா மேற்குல இன்னும் ஒரு வெளிச்சம், கோபுரம் மாதிரி சாய்வா மேல போகுது. ஏதோ ஊர் லைட்டுன்னு நெனச்சேன், அந்தப் பக்கம் ஊரே கிடையாது. கிரகங்களுக்கு நடுவுல மெதக்கற தூசி மேல சூரிய வெளிச்சம் பட்டு தெரியறதாம் அது. நகரத்துல நாற்பது வருஷம் இருந்தாலும் பாக்க முடியாது.

நான் மனசுல வேற ஒரு படம் ஓட்டி வெச்சிருந்தேன். அப்பா கரண்ட் இல்லாத ஊர்ல வளந்தவரு, மல்லாந்து படுத்துக்கிட்டு பேத்திக்கு ஒவ்வொரு நட்சத்திரமா கை காட்டிக் கதை சொல்லுவாரு, நான் வீடியோ எடுப்பேன். "அப்பா, சொல்லுங்கப்பா, இதெல்லாம் என்ன?"

"எதுடா?"

"நட்சத்திரம்ப்பா. சின்ன வயசுல பாத்திருப்பீங்கல்ல."

"எங்கடா பாத்தோம். நாள் பூரா வேலை, ராத்திரி கஞ்சியைக் குடிச்சுட்டு சாஞ்சா காலைலதான். விடிவெள்ளி தெரியும், அது வந்தா எந்திரிக்கணும்." கொஞ்சம் யோசிச்சாரு. "அந்தா கொத்தா இருக்கே, அது ஆறுமீனு. கார்த்திகை. அம்புட்டுத்தான்."

வீடியோவை நிறுத்திட்டேன். கடைசில ஃபோன்ல முன்னாடியே டவுன்லோட் பண்ணின ஆப்பை வெச்சு வீட்டம்மாதான் கிளாஸ் எடுத்தா. ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, பஞ்சாங்கத்துல பேரா மட்டும் பாத்ததெல்லாம் அங்க ஆளா நிக்குது, திருவாதிரை நிஜமாவே செவப்பு. ஒம்பதரைக்கு மேல தெக்க அடிவானத்துக்கு ஒட்டினாப்ல ஒண்ணு பளிச்சுனு, ஆப்புல பாத்தா கெனோபஸ். "மாமா, அதுதான் அகத்திய நட்சத்திரம்"னா.

அப்பா எழுந்து உக்காந்துட்டாரு. "அகத்தியரா? இங்கயுமா?"

அமெரிக்காவுல பாதிக்கு மேல அது அடிவானத்துக்கு மேலயே வராது, இங்க 29 டிகிரில இருக்கறதால எட்டு டிகிரி உயரத்துக்கு எட்டிப் பாக்குதுன்னு நான் விளக்கம் குடுத்தேன், யாரும் கேக்கல. அப்பா கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

நாள் 3, சனி

காலைல பன்னி வரல, நான் பேஸ்ட்டைக் கூட வண்டிக்குள்ள வெச்சிருந்தேன்.

இன்னிக்கு பார்க்கோட அந்தக் கோடி, கிழக்கு. ஒண்ணரை மணி நேர டிரைவ், பார்க்குக்குள்ளயே. முதல்ல ஹாட் ஸ்பிரிங்ஸ். கடைசி ரெண்டு மைல் ஒத்தையடிக்கு அண்ணன் மாதிரி ஒரு மண் ரோடு, எதிர்ல வண்டி வந்தா யாரோ ஒருத்தர் ரிவர்ஸ். 1909ல லாங்ஃபோர்டுன்னு ஒருத்தர் உடம்பு சரியில்லாம குடும்பத்தோட வந்து இங்க நெலம் வாங்கி குளியல் வீடு கட்டினாரு. வீடு போச்சு, அஸ்திவாரம் மட்டும் மிச்சம், அதுவே இப்ப தொட்டி. 105 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணி ஊறிட்டே இருக்கு, ஓரத்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஜில்லுனு ரியோ கிராண்டே. துண்டைக் கட்டிட்டு எறங்கப் போனவரை ஷார்ட்ஸுக்கு மாத்தறதுக்குள்ள எனக்கு வேர்த்திருச்சு. உள்ள ஏற்கனவே ஏழெட்டு பேரு, கழுத்து வரைக்கும் தண்ணில உக்காந்து பேசாம ஆத்தைப் பாத்துட்டு இருக்காங்க. அப்பாவும் போய் உக்காந்தாரு. அரை மணி நேரம் கழிச்சு கூப்பிட்டா "முட்டி வலிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்டா"ங்கறாரு. அம்மாகிட்ட இதைச் சொல்லக் கூடாது.

அடுத்து பொக்கியாஸ். அக்கரைல ஒரு சின்ன மெக்சிகன் கிராமம். படகுல துடுப்பு போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க, அங்க ஏதாவது சாப்பிட்டுட்டு திரும்பி வரலாம். அமெரிக்கக் கரைல ஒரு சின்ன பில்டிங்தான் இமிக்ரேஷன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் 2002ல இந்தக் கடவை மூடிட்டாங்க, 2013லதான் திரும்பத் திறந்தாங்க. நடுவுல பதினோரு வருஷம், கூப்பிடு தூரத்துல இருக்கற டூரிஸ்ட் வராம அந்த கிராமம் என்ன பண்ணிருக்கும்னு நெனச்சுப் பாருங்க, அவங்களுக்கு அந்தப் பக்கம் அடுத்த பெரிய ஊர் பாலைவனத்துல பல மணி நேரம்.

நாங்க போகல. என் பாஸ்போர்ட்ல இருக்கற எச்-1பி வேலை விசா ஸ்டாம்ப் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, கையில அப்ரூவல் பேப்பர் மட்டும்தான். மெக்சிகோவுக்கு சின்னதா போய்ட்டு வர அதுக்குன்னு ஒரு ரூல் இருக்குன்னு தெரியும், படிச்சிருக்கேன், ஃப்ரெண்ட்ஸ் சொல்லிருக்காங்க. ஆனா ஒரு டாக்கோ சாப்பிட போய் அக்கரைல மாட்டிக்கிட்டா திங்கக்கிழமை மீட்டிங்குக்கு என்ன சொல்றது. வீட்டம்மாவுக்கும் அதே கதை. அப்பா விசிட்டர். கணக்குப் போட்டுப் பாத்தா எங்க நாலு பேர்ல கவலையே இல்லாம அந்த ஆத்தைத் தாண்டிட்டு வரக்கூடியவ ஒம்பது வயசு பொண்ணு ஒருத்திதான், இங்க பொறந்தவ. அவளுக்கும் இது புரிஞ்சுது.

"அப்போ நான் மட்டும் போய்ட்டு வரட்டுமா?"

போர்டு முன்னாடி நின்னு நாங்க மூணு பெரியவங்களும் சிரிச்சோம், ரொம்ப நேரம் இல்ல.

பக்கத்துல கேன்யன் பாதைல பாறை மேல கம்பியில செஞ்ச தேளு, ரோட்ரன்னர் பறவை, எம்பிராய்டரி பை, கைத்தடியெல்லாம் பரப்பி வெச்சு ஒரு டப்பா வெச்சிருக்காங்க. கடைக்காரர் கிடையாது, அக்கரைல குதிரை பக்கத்துல ஒருத்தர் உக்காந்து பாத்துட்டு இருக்காரு. அவங்க ஆத்தைத் தாண்டி வந்து வெச்சுட்டுப் போறது, ஆனா பார்க்குக்குள்ள அதை வாங்கறது சட்டப்படி தப்பு, அங்கங்க நோட்டீஸ் ஒட்டியிருக்கு. பொண்ணு ஒரு தேள் மேல கண்ணு வெச்சுட்டா, கொடுக்கு நிஜமா வளைஞ்சு நிக்குது, கண்ணுக்கு ரெண்டு பாசி. இல்லம்மான்னு சொல்லி நகத்தினேன். அப்பா கைத்தடி ஒண்ணை எடுத்து தரையில ஊனிப் பாத்து, கனம் பாத்து, இருந்த இடத்துலயே அதே மாதிரி வெச்சாரு. அக்கரைலேர்ந்து அந்த ஆளு கை அசைச்சாரு. அப்பாவும் கை தூக்கினாரு. ரெண்டு பேரும் சம வயசு இருக்கும்.

ரியோ கிராண்டே வில்லேஜ் கடைல காசு போட்டா குளியல். பெருமையா சொல்றேன், மூணு நாளைக்கு அப்புறம் ஷாம்பு. திரும்பும்போது பின்பக்கக் கண்ணாடில கார்மென் மலை மொத்தமும் ரோஸ் கலர்ல நிக்குது, நிறுத்தி ஃபோட்டோ எடுத்தேன், ஃபோட்டோல அந்தக் கலர் வரல. இருட்டினதும் ரோட்டுல முயலுங்க, குறுக்க பாயறதா வேணாமான்னு கடைசி செகண்டு வரைக்கும் முடிவு பண்ணாதுங்க. மெதுவாதான் வந்தோம்.

இப்ப மணி ஒம்பது. காத்து கொஞ்சம் எழும்பியிருக்கு. ஆணியை ஒரு தட்டு தட்டிட்டு வந்து படுத்திருக்கேன்.

நாள் 4, ஞாயிறு

விழுந்துருச்சு.

மணி ஒண்ணு இருக்கும். முதல்ல ஏதோ லாரி வர மாதிரி சத்தம், தூரத்துல, அது கிட்ட வர வர மரமெல்லாம் பேயாட்டம் ஆடுது, அப்புறம் டெண்ட்டோட ஒரு பக்கச் சுவர் வந்து என் மூஞ்சில அறைஞ்சுது. அப்படியே மூச்சு விட்டு விட்டு அடிக்குது காத்து, ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இருக்காது, போயிருச்சுன்னு நெனப்போம், மறுபடி லாரி. மூணாவது லாரிக்கு டக்குனு ஒரு சத்தம், குச்சி உடைஞ்சு துணியைக் கிழிச்சுட்டு வெளிய வந்துருச்சு. ஆணி எல்லாம் எப்பவோ போயிருச்சு. டெண்ட் கூடவே குடுத்திருந்த இழுத்துக் கட்டற கயிறு நாலையும் நான் பையிலேர்ந்து எடுக்கவே இல்ல, அது என்னமோ அலங்காரத்துக்குன்னு நெனச்சேன். இப்ப எல்லாருக்கும் சொல்றேன்: காத்து இல்லாத சாயங்காலம்தான் கயிறு கட்டற நேரம்.

பொண்ணைத் தூக்கிட்டு வீட்டம்மா வேனுக்கு ஓட, நான் பறக்கற டெண்ட் மேல குப்புறப் படுத்துக்கிட்டு கத்தறேன், வாய் பூரா மண்ணு. அப்பா எறங்கி வந்தாரு. டார்ச் கூட எடுக்கல. கயிறெல்லாம் தேடல, தண்ணி கேனு ரெண்டைத் தூக்கி ரெண்டு மூலையில வெச்சாரு, துணியை எதிர்க்காத்துல சுருட்டுனாரு, படுதா சுருட்டற மாதிரி, முழங்காலால அமுக்கி அமுக்கி, ரெண்டு நிமிஷம் ஆகல. களத்துல நெல்லு காயும்போது மழை வந்தா இப்படித்தான்னாரு. அப்புறம் நாலு பேரும் வேன்ல, ஒருத்தர் கால் ஒருத்தர் மேல. மேல கிளை ஏதாவது விழுந்துரப்போகுதுன்னு வண்டியை மரத்தடிலேர்ந்து தள்ளி நிறுத்தினேன். காட்டன்வுட் கிளை லேசுல ஒடியற ஜாதி, காலைல பாத்தா எங்க மேசைக்குப் பக்கத்துல தொடை பருமனுக்கு ஒண்ணு கெடக்கு.

விடிஞ்சப்ப காத்தே அடிக்காத மாதிரி இருக்கு. அதே செவப்புக் குருவி அதே கிளைல. டெண்ட்டைக் குப்பைத் தொட்டில போட்டேன், பக்கத்து சைட் அம்மா ஒருத்தங்க ஒண்ணும் கேக்காம சூடா காபி கொண்டுவந்து குடுத்தாங்க.

வெளிய வர வழியில ஃபாசில் மண்டபம் ஒண்ணு, அதுல கெட்சல்கோவட்லஸ்னு ஒரு பறக்கற ஊர்வன. 1971ல டக்ளஸ் லாசன்னு ஒரு மாணவர் இங்கதான் எலும்பைக் கண்டுபிடிச்சாரு, றெக்கையை விரிச்சா 30 அடிக்கு மேல. கூரைலேர்ந்து தொங்கவிட்ட எலும்புக்கூட்டுக்குக் கீழ நின்னு பொண்ணு கை ரெண்டையும் விரிச்சுப் பாத்தா. எனக்கு தூக்கம் கண்ணைச் சொருகுது, சரியா பாக்கல, போறவங்க பாருங்க.

மாரத்தானுக்கு முன்னாடி பார்டர் பேட்ரோல் செக்போஸ்ட். பார்க்குலேர்ந்து வடக்க வர எல்லா வண்டியும் நிக்கணும். நாங்க ஆத்தைத் தாண்டவே இல்லன்னாலும் பேப்பர் காட்டணும், வெளிநாட்டுக்காரங்க ஒரிஜினல் எல்லாம் கையோட எடுத்துட்டு வாங்க, கேம்ப்பிங்தானேன்னு வீட்டுல வெச்சுட்டு வராதீங்க. ஆபீசர் நாலு பேரையும் பாத்தாரு, பின்னாடி மடங்கிக் கெடக்கற மெத்தை, மண்ணு, தண்ணி கேனு எல்லாத்தையும் பாத்தாரு, "ராத்திரி காத்தா?"ன்னாரு. ஆமான்னேன். போகச் சொல்லிட்டாரு.

மாரத்தான்ல பெட்ரோல் போடும்போது அப்பா ஃபோன்ல டவர் வந்துருச்சு. இங்க காலைல பதினொண்ணு, ஊர்ல ராத்திரி பத்தரை, ஆனாலும் அவரோட சிநேகிதரைக் கூப்பிட்டுட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு, ஊருக்கே கேக்கும்.

"ஆமாய்யா, பாலைவனந்தான். ... ஒண்ணுமில்லய்யா, வேலிக்கருவ, சப்பாத்திக்கள்ளி, நம்ம கம்மாக்கர மாதிரித்தான், ஆனா சுத்தமா வெச்சிருக்கான், ஒரு பேப்பரு கெடையாது. ... பன்னி வந்துச்சு. பேக்கரின்னு பேரு. ... ஆமா, அப்படித்தான் சொல்றா. ... டெண்ட்டு பறந்து போச்சுய்யா! இவனுக்குக் கயிறு கட்டத் தெரியல..."

அதுலேர்ந்து பத்து நிமிஷம் டெண்ட்டு கதைதான். லாரி மாதிரி சத்தம், கேனு, முழங்கால், எல்லாம் வருது, நான் குப்புறப் படுத்திருந்தது ரெண்டு தடவை வருது. 1,500 அடி சுவரு, இமிக்ரேஷன், எலும்புக்கூடு ஒண்ணும் வரல. நான் டேங்கை மூடிட்டு வந்து உக்காந்து வண்டியை எடுக்கறேன், அந்தப் பக்கத்துலேர்ந்து அவர் ஏதோ கேக்கறாரு, அப்பா ஸ்பீக்கரை அமத்திட்டு ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டாரு.

"ஆமா. தெக்கால, கீழ ஒட்டி. மருமகதான் காட்டுச்சு. நீ மாசி மாசம் ராத்திரி மாடில ஏறிப் பாரு, நம்மூர்ல இன்னும் ஒசக்கத் தெரியுமாம்."